ஒரு விளக்குக்கு ஏழு பிரதிகள்

1

நான் ஓர் அரசாங்கமாகி இந்த வாரத்தோடு ஒரு வருடம். மிகச் சிறிய அரசாங்கம். ஆளும் பரப்பு ஒரு வீதி வளைவு. குடிமக்கள் மூன்று வீட்டார். என்னிடம் உள்ள அதிகாரம் குசினிச் சுவரில் இருக்கும் ஒரு மின் ஆளி. காலையில் அதைப் போடுவேன். வளைவில் விளக்கு எரியும். பாடசாலை பஸ் வந்து போனதும் நிறுத்துவேன்.

இப்படிப்பட்ட ஆட்சிக்கு எதிராகவும் நேற்று ஒரு மகஜர் வந்துவிட்டது. வீதியில் உள்ள எல்லோரும் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். பதில் எழுத உட்கார்ந்தவள், பதிலுக்கு முதல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஊரில் இருந்து வாசிப்பவர்கள் நான் செய்தது சரியா பிழையா என்று சொன்னால் உதவியாக இருக்கும். என் கணவரிடம் கேட்டுப் பயனில்லை. "உமக்கு எல்லாத்துக்கும் யோசனை" என்பார். அது உண்மை என்பதால் மேலே பேச முடிவதில்லை.

நாங்கள் இருப்பது ஒஹாயோவில், சோளக் காடுகளுக்கு நடுவே, ஒரு வீதி முழங்கை போல மடங்கும் இடத்தில். இவர் ஒரு தொழிற்சாலையில் பொறியியலாளர். நான் பக்கத்து நகரத்து மருந்துக்கடையில் பகுதிநேர வேலை. மகள் ஆரணிக்கு ஏழு வயது. வளைவில் எங்களோடு சேர்த்து மூன்றே வீடுகள். நடைபாதை இல்லை, தெருவிளக்கு இல்லை, இரண்டு பக்கமும் தண்ணீர் ஓடும் கான். ஆரணியின் பஸ் ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வரும். ஐப்பசி பிறந்தால் அந்த நேரத்தில் இங்கே இன்னும் விடியாது.

போன வருடம் அப்படி ஒரு காலை, வளைவுக்குள் திரும்பிய ஒரு வாகனம் எங்களைக் கடைசி நொடியில்தான் கண்டது. அது கிளப்பிய காற்றில் ஆரணியின் தொப்பி கழன்று கானுக்குள் விழுந்தது. அவ்வளவுதான் நடந்தது. ஆரணி சிரித்தாள். நான் அன்று பகல் முழுவதும் மருந்துப் புட்டிகளில் பெயர் ஒட்டும்போது ஒவ்வொரு பெயரையும் மூன்று தரம் வாசித்தேன்.

"நீர் காரிலை கொண்டுபோய் விடுமன்" என்றார் இவர். என் வேலைத்தலம் பாடசாலைக்கு எதிர்த் திசை. அதைவிட, பனி விழுந்தால் நான் கார் ஓட்டுவது அந்த வளைவை விட ஆபத்து. அதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

2

அப்பாவிடம் சொன்னேன். அப்பா வல்வெட்டித்துறைப் பக்கம் எங்கள் ஊரில் இருக்கிறார். ஓர் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், யாருக்கு என்ன குறை என்றாலும் மகஜர் எழுதிக் கொடுப்பது அவர்தான்.

"இதுக்கேன் பிள்ளை அழுறாய்? ஒரு மகஜர் எழுது."

"இஞ்சை ஒருத்தரும் மகஜர் எழுதுறேல்லை அப்பா."

"அதுதான் இருட்டுக்கை நிக்கிறியள்."

பிறகு ஒழுங்கு சொல்லித் தந்தார். முதல் பந்தியில் இடத்தைப் பற்றி. இரண்டாம் பந்தியில் குறை. மூன்றாம் பந்தியில் தாழ்மை.

"தாழ்மையை இங்கிலீசிலை எப்பிடி அப்பா எழுதுறது?"

"'மோஸ்ற் ஹம்ப்ளி பெக்' எண்டு போடு. வெள்ளைக்காரன் காலத்திலையிருந்து அதுதான். கடைசியிலை பிரதிகள். பிரதி போடாட்டி ஆரும் திறந்தும் பாக்கமாட்டினம். மற்றவனுக்கும் போயிருக்கெண்டு தெரிஞ்சால்தான் இவன் பயப்பிடுவான்."

எங்கள் ஒழுங்கை முனையில் இருந்த மின்குமிழ் நான் உயர்தரம் படிக்கும்போது அணைந்தது. அப்பா எழுதினார். அது தங்கள் வேலையல்ல என்று ஒரு கந்தோர் இன்னொரு கந்தோரைக் காட்டியது, அது முதலாவதைக் காட்டியது. இதையும் யாரும் எழுத்தில் சொல்லவில்லை, போய் நின்று கேட்டபோது வாயால் சொன்னதுதான். ஒருமுறை தேர்தல் வந்தபோது ஒரு வேட்பாளரின் ஆட்கள் வந்து குமிழ் மாட்டினார்கள். ஒழுங்கை முழுவதும் பகல் போல இருந்தது. வேட்பாளர் தோற்றார். அடுத்த நாள் அதே ஆட்கள் ஏணியோடு வந்து கழற்றிக்கொண்டு போனார்கள். அப்பா அன்று பின்னேரமே மீண்டும் எழுதினார். பதில் வராததை அவர் ஒருநாளும் மறுப்பாக எடுத்ததில்லை. பரிசீலனையில் இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொண்டார்.

நான் வளர்ந்த காலத்தில் அரசாங்கம் இரண்டு விதமாக இருந்தது. ஒன்று கந்தோரில் உட்கார்ந்து எங்களைக் காக்கவைப்பது. மற்றது வீதியில் நின்று எங்களை மறிப்பது. இரண்டாவதைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போகப் பழகினோம். முதலாவதிடம் திரும்பத் திரும்பக் கேட்கப் பழகினோம். கேட்பதை நிறுத்தலாம் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இந்த நாட்டுக் குடியுரிமைப் பரீட்சைக்கு, அரசாங்கத்தின் அதிகாரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றெல்லாம் பாடமாக்கியிருந்தேன். எல்லாக் கேள்விக்கும் சரியாகச் சொன்னேன். ஒரு விளக்குக்கு யாரிடம் போவது என்று அதில் ஒரு கேள்வியும் இருக்கவில்லை.

3

கையெழுத்து வாங்கப் போன நாட்கள் தேர்தல் காலம். வலப்பக்கத்து டெனிஸின் முற்றத்தில் ஒரு கட்சியின் பலகை. வீதிக்கு அந்தப் பக்கம் வெயினின் முற்றத்தில் மற்றக் கட்சியின் பலகை. எங்கள் முற்றத்தில் பலகை இல்லை. அங்கே என் பாவற்பந்தல் நின்றது. வீதியோர மூலையில்தான் வெயில் நன்றாக விழும் என்று அங்கே போட்டிருந்தேன். அந்த வருடம் இலை தெரியாமல் காய்த்திருந்தது. ஆரணி பிறந்த பிறகு நான் தனியாகச் செய்து முடித்த ஒரே காரியம் அது என்று நினைப்பதுண்டு.

இந்த அயலவர்கள் பேசுவது ஆங்கிலம். ஆனால் எனக்கு நெருக்கமாகிவிட்டவர்கள் பேசுவது மனதில் எங்கள் பேச்சாகத்தான் பதிகிறது. அப்படியே எழுதுகிறேன்.

டெனிஸ் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். கோழி வளர்ப்பவர். மகஜரின் முதல் வரியை வாசித்ததுமே பேனாவை வாங்கினார்.

"இது அரசாங்கத்தின்ரை கடமை. அவை செய்யத்தான் வேணும்" என்று பெரிய எழுத்தில் கையெழுத்து வைத்தார். எல்லாவற்றையும் அரசாங்கம் செய்ய வேண்டும் என்பவர், தன் இரண்டு பிள்ளைகளை மட்டும் அரசாங்கப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் படிப்பித்தார். வாசல் படலை வரை வந்து, "கோழியளைப் பற்றி உதிலை ஒண்டும் எழுதேல்லைத் தானே?" என்று கேட்டார்.

வெயினுக்கு எழுபதுக்கு மேல். தனியாக இருக்கிறார். மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார்.

"பிள்ளை, உதிலை ஏன் மண்டாடியிருக்கிறாய்?"

"அது மரியாதைக்கு."

"அவை உன்ரை வேலைக்காரர். வேலைக்காரரிட்டை ஆரும் மண்டாடுறதே?"

"அப்ப கையெழுத்து வைப்பியளோ?"

"இல்லை."

நான் அங்கேயே நின்றேன். அவர் இரங்கி, பக்கத்துக் கதிரையைக் காட்டினார்.

"அரசாங்கத்தை விளக்குப் பிடிக்கக் கூப்பிட்டால் அது அளவு நாடாவையும் கொண்டுதான் வரும். விளக்குப் பிடிச்ச கையோடை மற்றதுகளையும் பாக்கும். எனக்குத் தெரியும். சாகுமட்டும் மறக்கேலாத அளவுக்குக் கவுண்டியின்ரை பனி தள்ளுற லொறி ஓட்டினனான்."

"அப்ப நீங்களும் அரசாங்கத்திலைதானே இருந்தனீங்கள். பென்சனும் வரும்."

"ஓம். உள்ளுக்கை இருந்து பாத்தபடியால்தான் சொல்லுறன். பென்சன் நான் உழைச்சது." கண்ணாடியைக் கழற்றினார். "உன்ரை பிள்ளை. உன்ரை பயம். ஆரிட்டையும் கேக்க முதல் நீ என்ன செய்தனி?"

"மகஜர் எழுதினனான்" என்றேன்.

அவர் வளைவைப் பார்த்தார். பிறகு எங்கள் முற்றத்து மூலையைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, "நல்லாக் காய்ச்சிருக்கு" என்றார். எனக்கு மிகவும் சந்தோஷமாகப் போய்விட்டது. கையெழுத்து வைக்காவிட்டாலும் நல்ல மனிதர் என்று இவரிடம் வந்து சொன்னேன்.

4

மூன்று கையெழுத்தோடு மகஜரை அனுப்பினேன்: நான், இவர், டெனிஸ். முதற்பிரதி கவுண்டிக் கந்தோருக்கு, ஊரில் மாவட்டக் கச்சேரி போல. மற்றவை ஆளுநர் வரை போயின. அப்பா தொலைபேசியில் இருந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். "பொலிசுக்கு ஒண்டு. சுகாதாரப் பகுதிக்கும் ஒண்டு போடு, விபத்தெண்டால் ஆஸ்பத்திரி தானே." சுகாதாரப் பகுதி வேண்டுமா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. அனுப்பாவிட்டால் ஏதாவது நடந்து, அதை அனுப்பியிருந்தால் என்று பிறகு யோசிக்க வேண்டிவரும். அனுப்பினேன். ஏழு பிரதிகள்.

மூன்றாம் நாள் வெயின் தன் முற்றத்து ஓரத்தில் ஒரு மரக்கம்பம் நட்டு, அதில் விளக்கொன்றை மாட்டி, வளைவைப் பார்க்கத் திருப்பிவிட்டார். நான் ஓடிப்போனேன்.

"உனக்காகச் செய்ததெண்டு ஒருத்தருக்கும் சொல்லாதை" என்றார். "என்ரை சுயநலம். காலமை இருட்டோடை வெளிக்கிடேக்கை உன்ரை பிள்ளையை இடிச்சுப்போட்டு மிச்சக் காலம் முழுக்க அதோடை சீவிக்க எனக்கேலாது. அவ்வளவுதான்."

பாவற்காய்க் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு நீண்ட நேரம் யோசித்தார்.

"இது என்ன வருத்தத்துக்கு மருந்தாத் தாறது?" என்று கேட்டார்.

ஊரில் நாங்கள் எதைச் செய்தாலும் பொதுநலத்துக்குச் செய்கிறோம் என்போம். என் மகஜரிலேயே 'இவ்வீதி வாழ் பொதுமக்கள்' என்றுதான் எழுதியிருந்தேன். பஸ் ஏறும் பிள்ளை ஒன்றே ஒன்று, அது என் பிள்ளை. இந்த மனிதர் எனக்கு நல்லதைச் செய்துவிட்டு அதைச் சுயநலம் என்று சொல்லி மறைத்தார். இரண்டில் எது கூடிய நேர்மை என்று பல நாள் யோசித்தேன். விளக்கு எரிந்தது. ஆரணி பஸ் ஏறினாள். மகஜரை மறந்தே போனேன்.

5

பதில் வந்தது. அதை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை.

ஒன்றல்ல, ஏழும் வந்தன. ஆளுநர் கந்தோரிலிருந்து நன்றி சொல்லிக் கடிதம். அப்பாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். நம்பாமல், "சீல் இருக்கோ?" என்று கேட்டார். இருந்தது. சீலை மட்டும் பெரிதாக எடுத்து இன்னொரு படம் அனுப்பச் சொன்னார்.

கடிதங்களுக்குப் பின்னால் ஆட்கள் வந்தார்கள். முதலில் பொலிஸ் கார். சீருடையைக் கண்டதும் நான் யன்னலை விட்டு விலகி நின்றேன். உடம்புக்கு இன்னும் பழைய பழக்கம். வேகமாக வருபவர்களைப் பிடிக்கத்தான் காரை வளைவில் நிறுத்தியிருந்தார்கள். முதல் நாள் பிடிபட்டது ஒரே ஒருவர். வேலை முடிந்து பசியோடு வந்துகொண்டிருந்த இவர்.

"மகஜரிலை என்ரை கையெழுத்தும் இருக்கெண்டு சொல்லிப் பாத்தனான்" என்றார் இரவுச் சாப்பாட்டில். "பொலிசுக்காரன் நன்றி சொன்னவன்."

அடுத்து சுகாதாரப் பகுதி. விபத்தை எங்கும் காணாமல் டெனிஸின் கோழிகளைக் கண்டது. வைத்திருக்கலாம் என்ற அளவை விடக் கோழிகள் கூட. டெனிஸ் இரண்டு நாட்கள் எனக்குக் கை காட்டவில்லை.

கடைசியாகக் கவுண்டியிலிருந்து ஓர் இளைஞர், சில்லுப் பூட்டிய ஓர் அளவுகோலை உருட்டிக்கொண்டு வந்தார். மிகவும் மரியாதையானவர். ஒவ்வொரு பிழையைக் கண்டுபிடிக்கும்போதும் மன்னிப்புக் கேட்டார். வெயினின் கம்பம் வீதிக்குரிய ஒதுக்குப் பகுதிக்குள் நிற்கிறது, முப்பது நாளுக்குள் அகற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். வெயின் அதை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

பிறகு அந்த இளைஞர் எங்கள் முற்றத்து மூலைக்கு வந்து, "இது யாருடையது?" என்று பந்தலைக் காட்டிக் கேட்டார். என்னுடையது என்றேன், கொஞ்சம் பெருமையோடு. காய் வேண்டுமா என்றும் கேட்டேன்.

வளைவுக்கு அந்தப் பக்கம் நூறு அடி நடந்துபோய், கார் இருக்கையில் இருப்பவரின் உயரத்துக்குக் குந்தி இருந்து, என்னையும் வந்து பார்க்கச் சொன்னார். அன்று பாடசாலை விடுமுறை. பகல் வெளிச்சம். ஆரணியைப் பஸ் வரும் இடத்தில் நிற்கச் சொல்லிவிட்டுப் போய் அவருக்குப் பக்கத்தில் குந்தினேன்.

ஆரணியைக் காணவில்லை. சிவப்புச் சட்டை போட்டிருந்தாள், அதன் ஒரு துண்டு கூடத் தெரியவில்லை. பாவல் இலைதான் தெரிந்தது. இலையும் காயும். "ஆரணி, அங்கேயே நிக்கிறியோ?" என்று கத்தினேன். "ஓம் அம்மா" என்று பந்தல் பதில் சொன்னது.

அந்த இளைஞர் மீண்டும் மன்னிப்புக் கேட்டார்.

6

நேரே வெயினிடம் போனேன்.

"உங்களுக்கு முந்தியே தெரியுமோ?"

"ஓம்."

"நான் மகஜரோடை வந்த அண்டைக்கும் தெரியுமோ?"

"சித்திரையிலை நீ கால் நடேக்கையே தெரியும்."

"பிறகேன் சொல்லேல்லை?"

"உன்ரை காணி. உன்ரை பந்தல். அதிலை வந்து தலை போட நான் ஆர்?" உண்மையாகவே புரியாமல் கேட்டார். "அதைச் செய்யிறவைக்குப் பேர்தான் அரசாங்கம்."

எனக்கு வந்த கோபம் எனக்கே புதிது. அவருக்குத் தன் கொள்கை முக்கியம், எனக்குப் பிள்ளை முக்கியம். "எங்கடை ஊரிலையெண்டால் முதல் கால் நட்ட உடனை வேலிக்கு மேலாலை நாலு தலை தெரியும். அங்கை நடாதை, இஞ்சை நடாதை, கண்ணை மறைக்கும், மாடு தின்னும் எண்டு நாலு பேரும் நாலு விதமாச் சொல்லுவினம்."

"சொன்னால் கேப்பியளோ?"

யோசித்தேன். பொய் சொல்ல முடியவில்லை. "கேக்கமாட்டம். சண்டை பிடிப்பம். ஒரு வருசம் கதைக்காமலும் இருப்பம். ஆனால் எங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

வெயின் தாடையைத் தடவினார். "சரி. இனிமேல் சொல்லுறன்" என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுபவர். அன்று தொடங்கி இன்றுவரை சொல்லிக்கொண்டே இருக்கிறார். கார்ச் சில்லில் காற்றுக் குறைவு, கூரைப் பீலிக்குள் இலை அடைத்திருக்கிறது, ஆரணியின் சப்பாத்து இந்தப் பனிக்குத் தாங்காது. சில நாட்களில் அவர் பழையபடி சும்மா இருந்தால் நல்லது என்று எனக்குத் தோன்றும்.

பந்தலை அன்று பின்னேரமே பிடுங்கினோம். இவர் கால்களை அசைக்க, நான் கொடியை இழுத்தேன். ஆரணி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் வகுப்புச் சுவரில் ஒரு பெரிய அட்டவணை இருக்கிறது. தன் பை, தன் மேசை, தன் சப்பாத்து என்று ஒவ்வொரு பிள்ளையும் தன் பொறுப்பைத் தானே செய்து அடையாளமிட வேண்டும். நல்ல பழக்கம் என்று நானும் மகிழ்ந்திருந்தேன். ஆனால் அன்றிலிருந்து வீட்டில் எதைத் தூக்கச் சொன்னாலும் முதலில் அது யாருடைய பொறுப்பு என்று விசாரணை நடக்கும்.

"ஒரு கை பிடியன் ஆரணி."

"அது உங்கடை ரெஸ்பொன்சிபிலிற்றி அம்மா. நீங்கள்தானே நட்டனீங்கள்."

நான் தனியாகவே இழுத்தேன். இவர் மட்டும் கொடிக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார்.

பந்தல் போனாலும் விளக்கு வேண்டும். இருட்டில் பந்தல் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. கம்பத்தையும் கோழிகளையும் விட்டுவிடச் சொல்லி இரண்டாவது மகஜர் எழுதப் போவதாக அப்பாவிடம் சொன்னேன்.

"அரசாங்கத்தை வராதை எண்டு மகஜரோ?" அப்பா திடுக்கிட்டுப் போனார். "என்ரை சேவைக் காலத்திலை அப்பிடியொண்டு நான் கேள்விப்படேல்லை." கொஞ்ச நேரத்தில் அவருக்குள் இருந்த எழுதுவினைஞர் விழித்துக்கொண்டார். "பிரதி அதே ஏழு பேருக்கும் போடு. வந்தவைக்குத்தானே போகச் சொல்ல வேணும்."

இந்த முறை கையெழுத்துக்கு நான் அலையவில்லை. வெயின் தானாக வந்து முதல் ஆளாக வைத்தார். வைக்கமுன் மன்றாடும் 'பெக்' என்ற சொல்லைத் தேடிப் பிடித்து வெட்டினார். அவர் பெயருக்குக் கீழே டெனிஸ். முற்றத்துப் பலகைகள் இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்க, உள்ளே அந்த இரண்டு பெயரும் ஒரே தாளில் ஒட்டிக்கொண்டு இருந்தன. அரசாங்கம் பாதிக்கு இணங்கியது. டெனிஸ் ஒரு படிவம் நிரப்பினால் கோழிகள் இருக்கலாம். கம்பம் போகத்தான் வேண்டும், ஆனால் ஒதுக்குப் பகுதிக்கு வெளியே யாருடைய சொந்தக் காணியிலும் நடலாம். அப்படி நட்டு, பஸ் வரும் இடத்தில் வெளிச்சம் விழக்கூடிய இடம் வளைவில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. என் பந்தல் நின்ற இடம். ஒற்றைக் கம்பம் கண்ணை மறைக்காது என்று அந்த இளைஞர் மீண்டும் ஒருமுறை குந்தியிருந்து பார்த்துச் சொன்னார்.

7

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெயினும் இவரும் டெனிஸும் கம்பத்தைக் கொண்டுவந்து நட்டார்கள். மின்சாரம் எங்கள் குசினியிலிருந்து. வேலை முடிந்து தேநீர் குடிக்கும்போது வெயின் ஆளியைக் காட்டி, "இனி நீதான் அரசாங்கம்" என்றார். "சின்னனா வைச்சிரு."

அசைவைக் கண்டு தானாக எரியும் கருவி ஒன்றை இவர் வாங்கிவந்து பூட்டினார். அது மான்களுக்கு எரிந்தது. அசையாமல் நல்ல பிள்ளையாக நின்ற ஆரணிக்கு அணைந்தது. கழற்றிவிட்டோம். அன்று முதல் நானே போடுகிறேன். ஒருநாளும் தவறியதில்லை என்று சென்ற வாரம்வரை பெருமையாகச் சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

இந்த ஆவணியில் டெனிஸ் தன் இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார். வளைவில் இப்போது மூன்று பிள்ளைகள். முந்தநாள் ஆரணிக்குக் காய்ச்சல். இரவு முழுவதும் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்று ஆனதும் நானும் அவளோடு படுத்துவிட்டேன். விளக்கைப் போடவில்லை. நேற்றும் போடவில்லை.

மறந்துவிட்டேன் என்றுதான் இந்த இடத்தில் முதலில் எழுதினேன். பிறகு வெட்டினேன். மறப்பதென்றால் முன்பு நினைவில் இருந்திருக்க வேண்டும். ஆரணி நிற்காத வளைவில் விளக்கு வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அந்த இரண்டு பிள்ளைகளும் என் பிள்ளைக்குப் போட்ட வெளிச்சத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். ஏணியோடு வந்து குமிழைக் கழற்றிக்கொண்டு போன வேட்பாளரின் ஆட்களைப் பற்றி இங்கே எத்தனை பேருக்குச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

நேற்றுப் பின்னேரம் கம்பத்தில் ஒரு தாள் குத்தியிருந்தது. என் முதல் மகஜரை வரிக்கு வரி பார்த்து எழுதியிருந்தார்கள். முதல் பந்தியில் இடம், இரண்டாம் பந்தியில் குறை: இரண்டு காலையாக விளக்கு எரியவில்லை, டெனிஸின் சின்னவன் கானுக்குள் கால் வைத்துவிட்டான், சப்பாத்து நனைந்ததைத் தவிர வேறொன்றுமில்லை. மூன்றாம் பந்தியில் தாழ்மை. வெயின் இந்த முறை 'பெக்' என்ற சொல்லை வெட்டவில்லை. கீழே வெயின், டெனிஸ், இரண்டு பிள்ளைகள். பிரதிகள்: என் கணவர், ஆரணி, யாழ்ப்பாணத்தில் என் அப்பா.

பகிடிக்குத்தான் எழுதியிருக்கிறார்கள். எழுதாமல் கதவில் ஒரு தட்டுத் தட்டிக் கேட்டிருக்கலாம். சொல்லுகிறேன் என்று வாக்குத் தந்த மனிதர் சொல்லியிருக்கிறார், நான் சொல்லிக்கொடுத்த முறையிலேயே. சிரித்துக்கொண்டுதான் வாசித்தேன். கானுக்குள் கால் வைத்தான் என்ற வரியில் சிரிப்பு நின்றுவிட்டது.

அப்பாவுக்கு அவருடைய பிரதியை அனுப்பினேன். அங்கே விடிந்ததும் எடுத்தார்.

"என்ன பதில் போட்டனி?"

"இன்னும் இல்லை அப்பா. யோசிச்சுக்கொண்டிருக்கிறன். நேரை போய்ச் சொன்னால் என்ன?"

"நேரையும் போ. ஆனால் எழுது." அப்பாவின் குரல் வழமையை விட மெதுவாக இருந்தது. "நான் எழுதினதுகளுக்கு ஒருநாளும் ஒருத்தரும் பதில் போடேல்லை பிள்ளை. லைற் போடாட்டிலும் பரவாயில்லை. வாசிச்சனாங்கள் எண்டு ஒரு வரி வந்திருந்தால் போதும்."

எங்கள் ஒழுங்கை முனை இன்னும் இருட்டுத்தான். பரிசீலனையில் இருக்கிறது என்று அவர் இந்த முறை சொல்லவில்லை.

பதில் ஆயத்தமாகிவிட்டது. நான்கு வரி: உங்கள் மகஜர் கிடைத்தது. குறை உண்மை. பொறுப்பு என்னுடையது. இனி விளக்கு எல்லா நாளும் எரியும். கையெழுத்து வைத்துவிட்டேன். வெயினுக்கும் டெனிஸுக்கும் நேரே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சின்னவனுக்கு ஒரு சோடி சப்பாத்து வாங்கிக் கொடுத்தால் டெனிஸ் பிழையாக எடுப்பாரோ என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

இன்று காலை ஆறரைக்கே எழும்பிக் குசினிக்குப் போய் ஆளியைப் போட்டேன். ஆரணி போர்வையை இழுத்துக்கொண்டு எனக்குப் பின்னால் வந்து யன்னலோரம் நின்றாள். காய்ச்சல் பாதி விட்டிருந்தது.

"அம்மா, நான் இண்டைக்கும் ஸ்கூலுக்குப் போகேல்லைத் தானே?"

"ஓம். போகேல்லை."

"அப்ப ஏன் லைற் போட்டனீங்கள்?"

நான் யன்னலைக் காட்டினேன். விளக்குக்குக் கீழே டெனிஸின் பிள்ளைகள் இரண்டும் நின்றன. சின்னவன் தன் நிழலை மிதித்து விளையாடிக்கொண்டிருந்தான். ஆரணி கண்ணாடியில் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இது யாருடைய பொறுப்பு என்று கேட்பாள் என்று காத்திருந்தேன்.

பஸ் வந்து நின்றது. பழக்கத்தில் என் கை ஆளிக்குப் போனது.

"நிப்பாட்டாதையுங்கோ அம்மா" என்றாள். "சின்னவன் எப்பவும் கடைசியாத்தான் ஏறுவான். மேல் படியிலை தடக்கி விழுறவன். அவன் சீற்றிலை போய் இருக்கட்டும்."

இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அவன் தடக்கினான், எழும்பினான், போய் இருந்தான். பிறகும் கொஞ்ச நேரம் நான் ஆளியைத் தொடவில்லை.